கலப்படமில்லை, கதம்பம்

பாளையம்பட்டிக் கடையில் இன்று வாங்கிய தட்டைப்பயற்றில் சிவப்பும் வெள்ளையும் கலந்து கிடந்தன. "கலந்துபோச்சு பாட்டி, வேற தாரேன்" என்று கடைக்காரர் கூச்சப்பட்டார். மாற்ற வேண்டாமென்று அதையே வாங்கி வந்தேன். தோழி, நீ கண்ணை மூடிய பிறகு இதைப் பார்த்துச் சேர்ந்து சிரிக்க எனக்கு ஆளில்லை.

எழுபதுகளின் தொடக்கம். பட்டம் பெற்றுத் தீவனப் பயிர் வேலைக்கு வந்த நான், அருப்புக்கோட்டையில் உங்கள் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தேன். நீ தறி நெய்தாய். தறியைவிடச் சத்தமாகப் பேசினாய்.

நரிக்குடிப் பக்கத்து ஆட்டுக்காரர் ஒருவர் மேய்ச்சலுக்கு விதைத்த தட்டைப்பயற்றை முந்தைய ஆண்டு துரு நோய் தின்று தீர்த்திருந்தது. எல்லாம் ஒரே ரகம். ஒரு செடியில் பற்றிய பூஞ்சை காற்றோடு காடு முழுவதும் பரவிவிட்டது. இவ்வாண்டும் போனால் ஆடுகளை விற்க வேண்டியதுதான். மூன்று ரகங்களைக் கலந்து விதைத்தால், நோய் பற்றாத செடிகள் இடையிடையே நின்று அதைப் பரவவிடாமல் தடுக்கும் என்று விளக்கினேன். அவர் என் சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"கலப்பட வெதைய என் தலையில கட்டப் பாக்கிறீகளாம்மா?"

துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். சாக்கை உங்கள் வீட்டில் போட்டுவிட்டு அலுவலக வேலையாக வெளியூர் போனேன். மறுநாள் திரும்பினால் பாயில் சிவப்பு, வெள்ளை, கறுப்பு என்று மூன்று குவியல்.

"ஏடி, நான் கலந்ததை எதுக்குப் பிரிச்ச?"

"தறிப் பாவுல ஒரு இழை சாயம் மாறுனாலே எங்க வீட்டுல சோறு கிடையாது. இடுப்பொடியப் பொறுக்கி வச்சேன், வையிறா பாரு!"

சண்டை முடியுமுன் அந்த ஆட்டுக்காரரே வாசலில் நின்றார். சந்தைக்கு வந்தவர், வேறு விதை கேட்க வந்திருந்தார். குவியல்களின் முன் குந்தி, ஒவ்வொன்றிலும் ஒரு பிடி அள்ளினார்.

"சொத்தை இல்லையே. நல்ல வெதையாத்தான இருக்கு."

உடனே நீ பிடித்துக்கொண்டாய். "கலப்படமில்லண்ணே, கதம்பம். பூவுல கட்டுனா மணக்குது, வெதையில கட்டுனா கசக்குதோ?"

சிரித்துவிட்டார். தம் கையாலேயே மூன்றையும் கலந்து அள்ளிக்கொண்டு போனார். அது உன் சாமர்த்தியம் என்று நீயும், தற்செயல் என்று நானும் கடைசிவரை சாதித்தோம்.

துரு அந்தப் பருவத்திலும் வந்தது. சிவப்பு ரகத்தின் இலைகளில் செம்பொடி படிந்தது. பக்கத்திலேயே வெள்ளையும் கறுப்பும் பச்சை மாறாமல் நின்றன. ஆடுகள் சந்தைக்குப் போகவில்லை.

நீ பிரித்தது தற்செயல்தான். அந்தச் சொல் மட்டும் உன்னுடையது. ஓய்வு பெறும்வரை திருச்சுழி வட்டாரமெங்கும் அதைச் சொல்லித்தான் விதை கொடுத்தேன். உன் பெயரைச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கூலி கேட்டிருப்பாய்.

சற்றுமுன் மருமகள் பயற்றைப் பிரிக்க உட்கார்ந்தாள். தடுத்தேன்.

"ரெண்டும் ஒண்ணா வேகாதே, அத்தை."

"முன்ன பின்ன வேகட்டும். கதம்பம்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. உனக்குப் புரிந்திருக்கும், ஆனாலும் முறத்தை எடுத்திருப்பாய்.