டிக்கெட் வாங்கி வந்த சம்பந்தி

என் வாயாடி மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், மாடிப்படி ஏறும்போது மட்டும் கொஞ்சம் சுகக்குறைவு, ஏறி முடித்து உட்கார்ந்துவிட்டால் பழையபடி சுகம்தான். நீயும் அங்கே குளிரில் சளி கிளி பிடிக்காமல், வேளைக்குத் தூங்கி எழுந்து, நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். நின்றுகொண்டே சாப்பிடுகிறேன் என்று போன வாரம் உன் வாயாலேயே சொல்லிவிட்டாய், அன்றிலிருந்து அம்மா அதையே சொல்லி மாய்ந்துபோகிறாள், தயவுசெய்து ஒரு நாற்காலி வாங்கிப் போடு, உனக்காக இல்லாவிட்டாலும் என் காதுக்காக. சமையலறைக் குழாயை நானே ரிப்பேர் செய்தேன், முன்பு ஒரு பக்கம் ஒழுகியது, இப்போது ரெண்டு பக்கமும் ஒழுகுகிறது. ஃபோனில்தான் பேசிக்கொள்கிறோமே, அப்புறம் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஃபோனில் நீ என்னை எங்கே பேச விடுகிறாய், அது ஒன்று. இன்னொன்று, உனக்கு ஒரு சேதி சொல்ல வேண்டியிருக்கிறது, அதை நீ தனியாக உட்கார்ந்து, என் முகத்துக்காகச் சிரித்துச் சமாளிக்க வேண்டிய அவசியம் இல்லாமல், நிதானமாகப் படிக்க வேண்டும் என்று பட்டது. பயந்துவிடாதே, யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

என் வேலை நன்றாகப் போகிறது. பழைய கிறிஸ்தவ மடாலயத்தைச் சுற்றிக் காட்ட முன்பெல்லாம் பஸ் நிறைய ஆட்களை ஓட்டிக்கொண்டு போவேனே, இப்போது ஒரு தடவைக்கு எட்டுப் பேர்தான். உள்ளே வருகிறவர்கள் விடும் மூச்சின் ஈரம் சுவரில் இருக்கும் ஓவியத்தை அரிக்கிறதாம், அதனால் அந்த அறைக்கு முன்னால் ரெண்டு கதவு போட்டுவிட்டார்கள், ஒன்று மூடினால்தான் மற்றது திறக்கும். அந்த மூச்சில் பாதி உங்களோடதாத்தான் இருக்கும் என்று அம்மா கேலி செய்கிறாள். கத்தவும் கூடாது என்று என் காலரில் ஒரு பொடி மைக் மாட்டிவிட்டார்கள், வருகிறவர்கள் கழுத்தில் ஒரு சின்னப் பெட்டி, காதில் ஒரு குமிழ், நான் கிசுகிசுத்தாலும் எல்லோர் காதிலும் போய் உட்காரும். தொண்டைக்கு நல்ல ஓய்வு. ஆனால் வந்த வினையும் அதனால்தான், கேள்.

போன செவ்வாய்க்கிழமை காலை வாசல் படியில் நின்று ஆட்களைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, லீவு போட்டு வந்த ஒரு நர்ஸ், ஒரே மாதிரி தொப்பி போட்ட அக்கா தங்கைகள் மூன்று பேர், காது மந்தமான ஒரு பெரியவர். இன்னும் ஒரு ஆள் வரவேண்டும் என்று தெருமுனையைப் பார்த்தால், கையில் டிக்கெட்டை நீட்டிப் பிடித்தபடி நம்ம சம்பந்தி வருகிறார். எந்தச் சம்பந்தி என்று கேட்காதே, எனக்கு இருந்தது ஒரே சம்பந்தி. உன் மாமனார். மாமனாராக இருந்தவர். எப்படி எழுதினாலும் இடிக்கிறது, நான் சம்பந்தி என்றே எழுதிவிடுகிறேன்.

உனக்குத் தெரியும், நீங்கள் ரெண்டு பேரும் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்த நாளிலிருந்து ரெண்டு வருஷமாக அவரும் நானும் பேசவில்லை. சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. அவரும் வரவில்லை, நானும் போகவில்லை, அப்படியே நின்றுபோனது. அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கேரம் ஆட வருவாரே, தோற்றால் போர்டு கோணல் என்பார், ஜெயித்தால் நான் கோணல் என்பார். செவுத்தைக் காட்டிச் சம்பளம் வாங்குற ஒரே ஆளு நீங்கதான் என்று எத்தனை தடவை என்னைச் சீண்டியிருப்பார். ஒரு தடவை வந்து பாருங்கள் என்று வருந்தி வருந்திக் கூப்பிட்டிருக்கிறேன், கடையை யார் பார்த்துக்கொள்வது என்று மழுப்பிவிடுவார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவருக்குச் சிற்பத்தைப் பார்க்க மட்டும் கண் இல்லை என்று நானும் திருப்பிக் கொடுப்பேன். அப்படிப்பட்டவர், காசு கொடுத்து டிக்கெட் வாங்கிக்கொண்டு என் முன்னால் வந்து நிற்கிறார். நான் மற்றவர்களுக்குச் சொன்ன மாதிரியே வாங்க, வணக்கம் என்றேன், பெட்டியைக் கழுத்தில் மாட்டிவிட்டேன். அவரும் யாரோ மாதிரி நன்றி என்று சொல்லி வாங்கிக்கொண்டார்.

பெரிய கூடத்தைச் சுற்றிக் காட்டினேன். வண்ணக் கண்ணாடி ஜன்னல் வழியாக வெயில் தரையில் சிவப்பும் நீலமுமாக விழுந்திருந்தது, தொப்பிக்கார அக்கா தங்கைகள் அதில் கையை நீட்டி நீட்டிப் படம் எடுத்தார்கள். தூணில் கல் இலைகளுக்கு நடுவே ஒரு நத்தை செதுக்கியிருக்கும், அதை யார் முதலில் கண்டுபிடிக்கிறார்கள் என்று எப்போதும் போட்டி வைப்பேன், புதுப்பெண் கண்டுபிடித்துவிட்டுக் கணவனைப் பெருமையாகப் பார்த்தாள். சம்பந்தி கடைசியில் நின்றார். நான் பேசும்போது என் முகத்தைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டு காதுக் குமிழை மட்டும் விரலால் அழுத்திப் பிடித்திருந்தார். பெரியவருடைய மூக்குக்கண்ணாடி வழுக்கி வழுக்கி விழுவதைப் பார்த்துப் பொறுக்காமல், பையிலிருந்து பொடி ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நடந்துகொண்டே முடுக்கிக் கொடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது.

ஓவிய அறைக்கு எங்கள் முறை வரக் கொஞ்சம் நேரம் இருந்தது. எல்லோரையும் பெஞ்சில் உட்காரச் சொல்லி, குவிமாடத்தின் உட்புறத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருங்கள் என்று சொல்லிவிட்டு நான் தூணுக்குப் பின்னால் தண்ணீர் குடிக்கப் போனேன். அவரும் பின்னாலேயே வந்தார். குமிழைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ரொம்பப் பக்கத்தில் வந்து நின்று, பையனுக்கு மறுபடியும் கல்யாணம் முடிவாயிருக்கு, அடுத்த மாசம், வேற யார் வாயிலிருந்தோ இது உங்க காதுக்கு வரக்கூடாதுன்னுதான் நானே வந்தேன் என்றார்.

மகளே, நான் சொல்ல வந்த சேதி இதுதான். இந்த வரியில் கொஞ்சம் நிறுத்திக்கொள், தண்ணீர் குடி, அப்புறம் மேலே படி. எனக்கும் அங்கே அதுதான் தேவைப்பட்டது, கையில் தண்ணீர் இருந்தும் குடிக்கவில்லை.

அதை ஃபோனிலேயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே என்றேன். ஃபோன்ல சொல்ல மனசு வரல, வீட்டுக்கு வர தைரியம் வரல, இங்கேன்னா டிக்கெட் வாங்கிட்டேன், நீங்க என்னை வெளியே போன்னு சொல்ல முடியாது பாருங்க என்றார். எனக்குச் சிரிப்பு வர வேண்டிய பேச்சு, கோபம்தான் வந்தது. ரொம்ப சந்தோஷம், என் பொண்ணு அங்கே தனியா சமைச்சுத் தனியா சாப்பிடுறா, உங்க வீட்டுல கல்யாணக் களை, போய் நல்லபடியா நடத்துங்க என்றேன். நான் விடவில்லை, அவ இப்போ எப்படி இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா இந்த ரெண்டு வருஷத்துல என்றேன். யாரைக் கேக்கறது, எந்த உரிமையில கேக்கறது என்றார், குரல் உடைந்துபோயிருந்தது. அவ வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் நான் சாப்பிடாம உக்காந்திருப்பேன், அவளுக்குத் தெரியும், இப்பவும் அந்த நேரத்துக்கு வாசலைத்தான் பாக்குறேன், கோர்ட்டுல பிரிச்சது அவங்க ரெண்டு பேரைத்தான், அதோட அவ எனக்கும் இல்லேன்னு ஆயிடுச்சு, நீங்களும் இல்லேன்னு ஆயிடுச்சு, என்னை யாரும் கேக்கவே இல்ல சம்பந்தி என்றார்.

என்னை மட்டும் யார் கேட்டாங்க என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகுதான் அது எவ்வளவு நாளாக உள்ளே கிடந்தது என்று எனக்கே தெரிந்தது. உன்னைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே கண்ணு. நீ எடுத்த முடிவு சரியான முடிவு, அன்றைக்கும் அதைத்தான் சொன்னேன், இன்றைக்கும் அதேதான். ஆனால் மகளுடைய வாழ்க்கையைப் பற்றிக் கவலைப்படுகிற நேரத்தில், கேரம் ஆட ஆள் இல்லை என்று ஒரு அப்பன் எப்படி வாய்விட்டுச் சொல்வான்? உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

ரெண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தால், குவிமாடத்தை ஒருத்தரும் பார்க்கவில்லை. எல்லோரும் எங்களையே பார்க்கிறார்கள். புதுப்பெண் கணவன் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். தொப்பிக்காரிகளில் ஒருத்தி மூக்கை உறிஞ்சுகிறாள். நர்ஸ் மெதுவாகக் கையைத் தூக்கி, சார், மைக் என்றாள். குனிந்து பார்த்தால் காலரில் பச்சை விளக்கு எரிகிறது! எல்லாம், ஒரு வார்த்தை விடாமல், எல்லோர் காதிலும் போயிருக்கிறது. எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. நீங்க பேசுங்க சார், நாங்க ஒண்ணும் கேக்கல என்றாள் அந்த நர்ஸ், மகராசி. காது மந்தமான பெரியவர்தான், பெட்டியை முழுச் சத்தத்தில் வைத்திருந்தாரல்லவா, எழுந்து வந்து சம்பந்தியின் தோளைத் தட்டி, நல்லவேளை நேர்ல வந்து சொன்னீங்க என்று கூடம் அதிரச் சொன்னார்.

அதற்குள் காவலாளி எங்கள் முறை என்று கூப்பிட்டுவிட்டார். உள்ளே போய்ச் சுவரோவியத்தின் முன்னால் நின்றேன். துறவிகள் முன்பு உட்கார்ந்து சாப்பிட்ட அறை அது, சுவர் முழுக்க ஒரு விருந்து வரைந்திருக்கும், நீளமான மேஜை, அதைச் சுற்றி அத்தனை முகங்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன் என்று பெருமை அடித்துக்கொள்வேனே, ஒரு சொல் வரவில்லை. உள்ளே நிற்கக் கொடுக்கும் நேரமோ கொஞ்சம். எல்லோரும் காத்திருக்கிறார்கள், நான் வாயைத் திறக்கிறேன், மூடுகிறேன். அப்போது கடைசியிலிருந்து சம்பந்தி, ஏன் சார், மேஜைக்குக் கீழே ஒரு பூனை இருக்கே, அது யாரோடது என்று கேட்டார். அந்தப் பூனைக் கதையை நான் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே சலிக்கச் சலிக்கச் சொல்லியிருக்கிறேன், அவருக்கு மனப்பாடம். தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்கிறார். சொல்ல ஆரம்பித்தேன், வரைந்தவர் வேலை செய்த நாள் முழுக்கச் சாரத்துக்குக் கீழேயே ஒரு பூனை படுத்துக் கிடந்ததாம், துரத்திப் பார்த்துத் தோற்றுப்போய் அதையும் விருந்தில் சேர்த்துவிட்டாராம், இங்கே எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள், உண்மையோ பொய்யோ என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், எனக்குக் குரல் திரும்பிவிட்டது. அன்றைக்குச் சொன்ன மாதிரி அந்த ஓவியத்தைப் பற்றி நான் என்றைக்கும் சொன்னதில்லை.

முடிந்ததும் எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்தோம். ஒரு விஷயம், நீங்க நல்லாத்தான் சொல்றீங்க என்றார், இத்தனை வருஷம் கழித்து. வரப்போகிற பெண் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராம், அமைதியான பெண்ணாம், அதற்கு மேல் நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இனிமே உங்களுக்குப் புதுச் சம்பந்தி வந்தாச்சு, நான் பழைய சம்பந்தி என்றேன். அவர் கேரம் ஆடுவாரான்னு விசாரிச்சேன், ஆடமாட்டாராம் என்றார். ரெண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கோபம் வந்துவிட்டது, சாயங்காலம் முழுக்க என்னோடு பேசவில்லை, பாத்திரங்கள்தான் பேசின. படுக்கப் போகும் முன்னால், ஆளு இளைச்சிருக்காரா என்று ஒரே ஒரு கேள்வி. ஆமாம் என்றேன். மனைவி போன பிறகு தனியாகவே சமைத்துச் சாப்பிடுகிறவர், பையனும் வேறு ஊரில், இளைக்காமல் என்ன செய்வார் என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து வாசலிலேயே நின்றார், உள்ளே கால் வைக்கலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. அம்மா கதவைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். உங்க பையன் நல்லா இருக்கட்டும், எங்க பொண்ணும் நல்லா இருக்கா, இப்போ உள்ளே வந்து சாப்பிடுங்க என்றாள். உன் அம்மா பேசிய பேச்சிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த பேச்சு அது. அவர் தட்டின் முன்னால் உட்கார்ந்து ரொம்ப நேரம் கை வைக்காமலே இருந்தார், நாங்கள் கவனிக்காத மாதிரி குழாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

அவரும் நானும் பேசிக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டோம், இதற்கு உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, தெரிவிக்கிறேன். ஆனால் இன்னொன்றுக்குக் கேட்கிறேன். உன் குரலை ஒரு தடவை கேட்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. மன்னிப்புக் கேட்கவோ சமாதானம் பேசவோ இல்லையாம், சாப்பிட்டியாம்மா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாராம். நீ சரி என்றால் நம்பரைக் கொடுக்கிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம், அவருக்கும் உன் மேல் குறை வராது, எனக்கும் வராது. இப்போது முடியாது, அப்புறம் பார்க்கலாம் என்றாலும் சரிதான், நாங்கள் ரெண்டு பேரும் எங்கேயும் போய்விடப் போவதில்லை.

எந்த ஊரில் இருந்தாலும் உன் தலைக்கு மேலே ஒரு நல்ல கூரையும், கூட உட்கார்ந்து சிரிக்க நாலு பேரும், மனசுக்கு நிறைவான வேலையும், நீண்ட ஆயுளும் உனக்கு அமைய வேண்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். மறக்காமல் சனிக்கிழமை கூப்பிடு. இந்தச் சேதியைப் பற்றி நானாக ஒன்றும் கேட்க மாட்டேன், நீயாகச் சொன்னால் உண்டு. ஒன்றே ஒன்று, அழுகை வந்தால் எப்போதும் போல் அப்புறம் பேசறேன்பா என்று ஃபோனை வைத்துவிட்டு அழாதே. வைக்காமலே அழு. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், சத்தியமாக வாயே திறக்க மாட்டேன், கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பேன்.

என்றும் உன் பக்கத்திலேயே இருக்கும்
அப்பா