கொடியின்றி ஆடிய ஐந்து குழிகள் குறித்து

அனுப்புநர்:
சலவைப் பிரிவு மூத்த ஊழியர்,
பொது மருத்துவமனை,
பணியாளர் குடியிருப்பு, வீட்டு எண் 9.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: நகராட்சி கோல்ஃப் மைதானத்தில் வெளியூர் ஆட்டக்காரர்களாக நானும் என் கணவரும் நடத்தப்பட்ட விதம், எங்களுக்கு விதிக்கப்பட்ட ஓராண்டுத் தடை, புல்வெட்டும் ஊழியர் பணியிடம் மாற்றப்பட்டது ஆகியவை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

1. நான் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக இஸ்திரி போடுகிறேன். என் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஒரு விடுதியில் அவர் வேலை பார்த்தபோது, யாரோ விட்டுப்போய் யாரும் கேட்டு வராத அரை செட் கோல்ஃப் மட்டைகளை விடுதிக்காரர் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அப்படித்தான் இந்த ஆட்டம் எங்கள் வீட்டுக்குள் வந்தது. சலவைக்கூடத்தின் பின்னால் துணி உலர்த்தும் வெளியில், கழித்துப்போட்ட படுக்கை விரிப்புகளைக் கயிற்றில் தொங்கவிட்டு, ஞாயிறுதோறும் அவற்றின் மேல் பந்தடித்துப் பழகினோம். விரிப்பில் பட்ட பந்து பொத்தென்று அங்கேயே விழும், தேட வேண்டியதில்லை. ஆறு ஆண்டுகள் அப்படிப் பழகியவர்களை ‘விளையாட்டுக்கு வந்தவர்கள்’ என்று மைதான மேலாளர் தம் தடைக் கடிதத்தில் எழுதியிருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2. எங்கள் ஊரில் மைதானம் இல்லை. தங்கள் மைதானத்துக்கு இரண்டு பேருந்து மாறி வருகிறோம். கட்டணம் எங்களால் தரக்கூடியது. வாயிற்பலகையில் ‘வெளியூர் ஆட்டக்காரர்கள் பிற்பகல் ஒரு மணிக்குப் பின் வரவேற்கப்படுகிறார்கள்’ என்று எழுதியிருக்கிறது. அனுமதிக்கப்படுவார்கள் என்றல்ல, வரவேற்கப்படுகிறார்கள் என்று. அந்தச் சொல்லை நம்பித்தான் வந்தோம்.

மைதானத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். முதல் குழிக்கு இருபுறமும் வரிசையாக நிற்கும் மரங்கள், மூன்றாவதில் பந்தை விழுங்கக் காத்திருக்கும் குளம், ஏழாவதில் மேட்டில் ஏறி நின்றால் முகத்தில் அடிக்கும் காற்று எல்லாமே அருமை. நாள் முழுக்க நீராவியில் நிற்கிற எனக்கு அந்தக் காற்று என்ன என்று விளக்கிச் சொல்லத் தெரியவில்லை.

3. சென்ற மாதம் இரண்டாம் சனிக்கிழமை, ஐந்தாவது குழியில் ஆடிக்கொண்டிருந்தபோது, மேலாளர் மைதானத்துக்குள் ஓட்டும் சிறு மின்வண்டியில் வந்து எங்களை நிறுத்தினார். எங்கள் மட்டைகளை நாங்கள் குழந்தைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிச் செல்வோம். அது எங்கள் மகளுடையது. அவள் வளர்ந்து வேலைக்கே போய்விட்டாள். என் கணவர் அதற்குப் புது பேரிங் போட்டிருக்கிறார், சத்தமே வராது. மேலாளர் அதைப் பார்த்து, “என்னம்மா, குழந்தைக்குத் தடுப்பூசி போடவா வந்தீங்க?” என்று கேட்டார். அவருடன் வண்டியில் இருந்த விருந்தினர் இருவர் சிரித்தனர்.

என் கணவர், “ஊசி இல்லீங்க, பதினெட்டு குழி. கட்டணம் கட்டியாச்சு” என்றார்.

“இத வெளிய வெச்சுட்டு வாங்க. பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?”

“அப்ப மட்டையெல்லாம் தலையிலயா தூக்கிட்டு வர்றது?”

மைதான விதிகள் மொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றையும் படித்திருக்கிறேன். மட்டைகளை எதில் வைக்க வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. கிரீன் எனப்படும், குழியைச் சுற்றிய மழமழப்பான புல்தரையில் சக்கரம் ஏறக் கூடாது என்பதுதான் விதி. எங்கள் சக்கரம் ஒருநாளும் ஏறியதில்லை. இதை மரியாதையாகவே எடுத்துச் சொன்னேன். மேலாளர், “எனக்கே விதி சொல்லித் தர்றீங்களா?” என்று கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார். நாங்கள் ஆட்டத்தைத் தொடர்ந்தோம். அது பிடிவாதம் என்றால், ஆம், பிடிவாதம்தான்.

4. பத்தாவது குழிக்கு வந்தபோது கொடி இல்லை. கொடி இல்லாவிட்டால் தூரத்திலிருந்து குழி எங்கே என்றே தெரியாது. எந்தத் திசையில் அடிப்பது? முன்னால் பார்த்தோம். மின்வண்டி போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னிருக்கையில், பிடுங்கிய கொடிகள் விறகுக்கட்டு மாதிரி அடுக்கிக் கிடந்தன.

திரும்பிப் போய்விடலாமா என்று எனக்குத் தோன்றியது உண்மை. கண்ணும் கலங்கியது. அதை மறைக்கவில்லை. என் கணவர் தள்ளுவண்டியிலிருந்து கறுப்புக் குடையை எடுத்தார், நேராகக் குழிவரை நடந்தார், அதை விரித்து உயர்த்திப் பிடித்தபடி நின்றார். “அடி!” என்று அங்கிருந்து ஒரே சத்தம்.

அடித்தேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு ஆகிய ஐந்து குழிகளையும் அப்படித்தான் ஆடினோம். அவர் தன் பந்தை அடித்துவிட்டு ஓடுவார், நிற்பார், பந்து வரும்போது விலகுவார், மறுபடி ஓடிவருவார். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. பன்னிரண்டாவதில் என் பந்து அவர் முழங்காலில் பட்டு நின்றது. காலைப் பிடித்துக்கொண்டு, “நல்ல அடி!” என்று கத்தினார்.

5. பதினான்காவதில் புல்வெட்டும் இயந்திரத்தில் வந்த மைதான ஊழியர், மேகமும் இல்லாமல் சுள்ளென்ற வெயிலும் இல்லாமல் இருந்த நேரத்தில் ஒரு மனிதர் குடை பிடித்து நிற்பதைப் பார்த்து வண்டியை நிறுத்தினார்.

“என்னண்ணே, மழை வரும்னு பாக்கறீங்களா?”

“இல்ல தம்பி. இப்ப நான்தான் கொடி.”

நடந்ததைச் சொன்னோம். அவர் எங்களுக்காகப் பரிதாபப்படவில்லை. அவருக்குக் கோபம் வந்தது. “இந்தக் குழியெல்லாம் காலையில நான் வெட்டினது. கொடி இல்லாத குழி எலிப்பொந்து மாதிரி இருக்கு, பாக்கச் சகிக்கல” என்று சொல்லிவிட்டுப் போனவர், கால் மணி நேரத்தில் கிடங்கிலிருந்து நான்கு கொடிகளோடு வந்தார். கடைசி நான்கு குழிகளிலும் அவர் நட்ட கொடியை நோக்கித்தான் ஆடினேன். எங்கள் பின்னால் ஆடிவந்த உறுப்பினர், ஓய்வுபெற்ற பல் மருத்துவர், அவரும் கொடியின்றித் திண்டாடியவர், இவை அனைத்துக்கும் சாட்சி. அவர் கைப்பட எழுதிய கடிதத்தை இணைத்துள்ளேன்.

அன்று என் மொத்த அடிகள் தொண்ணூற்றெட்டு. அடி குறையக் குறையத்தான் இந்த ஆட்டத்தில் பெருமை. வாழ்க்கையில் முதன்முறையாக நூறுக்குள் ஆடினேன். ஸ்கோர் கார்டில் முத்திரை வைக்க அலுவலகத்தில் மறுத்துவிட்டார்கள்.

6. அடுத்த வாரம் கடிதம் வந்தது. மைதானத்தின் கண்ணியத்துக்கு ஊறு விளைவித்ததாக இருவருக்கும் ஓராண்டுத் தடை. மன்னிப்புக் கோரி எழுதினால் மறுபரிசீலனை உண்டாம்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஆனால் அந்த ஊழியருக்கு நன்றி சொல்லத் தொலைபேசியில் அழைத்தபோது, அவர் வாகன நிறுத்தத்துக்கு மாற்றப்பட்டுவிட்டதாகச் சொன்னார்கள். நேரில் போய்ப் பார்த்தேன். பதினேழு ஆண்டுகள் புல்லோடு இருந்தவர், கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு கார்களுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். “விடுங்கக்கா, உக்காந்து பாக்கற வேலைதானே” என்றார். ஆனால் என்னோடு பேசும்போதெல்லாம் அவர் கண் வேலிக்கு அந்தப் பக்கமே இருந்தது. “ரொம்ப ஒட்ட வெட்றாங்கக்கா. இந்த வெயிலுக்குக் கருகிடும்” என்றார். பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் இந்த மனுவை எழுதுவது என்று முடிவு செய்தேன்.

7. ஆகவே நான் கேட்பவை:

புல்வெட்டும் ஊழியரை அவருடைய பழைய வேலைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். இதுதான் முதலாவது. எங்கள் தடையை நீக்குவது, அவரை மீட்பது என்ற இரண்டில் ஒன்றுதான் இப்போது முடியும் என்றால், அவரை மீட்டுவிடுங்கள்.

எங்கள் மேல் விதித்த தடை செல்லாது என்று எழுத்தில் தர வேண்டும். ஆட்டக்காரரைத் தடை செய்யும் அதிகாரம் ஆணையருக்கு மட்டுமே என்று ஒன்பதாம் விதி சொல்கிறது. கடிதத்தில் இருப்பதோ மேலாளரின் கையொப்பம்.

தள்ளுவண்டி கூடாது என்று நகராட்சி கருதினால் அதைப் பன்னிரண்டாம் விதியாகப் பலகையில் எழுதுங்கள். எழுதிய நாளிலிருந்து மட்டைகளைத் தோளில் சுமந்து வருவோம். எழுதாத விதிக்குக் கீழ்ப்படிய மாட்டோம்.

8. ‘தாழ்மையுடன்’ என்று எழுதி முடிப்பது மனுக்களின் வழக்கம். தங்கள் பதவிக்குரிய மரியாதையில் ஒரு துளியும் குறைக்காமல், நிமிர்ந்து நின்றே கேட்கிறேன். இம்மனுவில் எந்த வரியும் மன்னிப்பாகக் கொள்ளப்பட வேண்டாம். அப்படி ஏதாவது தொனித்தால் அது என் எழுத்தின் குறை.

வரும் இருபத்தைந்தாம் தேதி சனிக்கிழமை, சரியாகப் பிற்பகல் ஒரு மணிக்கு, நானும் என் கணவரும் மைதான வாயிலுக்கு வருவோம். எங்களைத் தடுப்பது தங்கள் முடிவானால், அதைத் தங்கள் கையொப்பத்துடன் வாயிலில் கொடுத்தனுப்புங்கள். வாங்கிப் படிக்கிறேன். கையொப்பம் இல்லையென்றால் ஆடுவோம்.

நாள்: 14, செவ்வாய்க்கிழமை
இடம்: மருத்துவமனைப் பணியாளர் குடியிருப்பு

உண்மையுடன்,
(ஒப்பம்)
சலவைப் பிரிவு மூத்த ஊழியர்

இணைப்பு: பல் மருத்துவரின் சாட்சிக் கடிதம், தடைக் கடிதத்தின் நகல், முத்திரை மறுக்கப்பட்ட ஸ்கோர் கார்டின் நகல் (அசல் என்னிடம் இருக்கும்).