பெயர் சொல்லாத காற்று

இன்று காலை அபுதாபியின் ருவைஸ் ரசாயன ஆலைக்குப் புதிய சுவாசக் கவசங்கள் வந்திறங்கின. சோதிப்பதற்காக ஒன்றின் உறையைப் பிரித்தேன். புது ரப்பர் வாடை முகத்தில் அடித்தது. கூடவே நீயும் வந்தாய்.

இதே ஆலையில் நாம் இருவரும் இளம் வேதிப் பொறியாளர்களாக இருந்தபோது ஒரு குழாய் இணைப்பில் வாயு கசிந்தது. கண்களைத் துடைத்தபடி வெளியே ஓடிவந்த ஷிப்ட் பொறுப்பாளர், திருநெல்வேலிக்காரர், "ஒண்ணுமில்ல சார், மாஃபி முஷ்கில்" என்று, பிரச்சினையில்லை என்பதை அரபியிலும் சேர்த்துச் சொன்னார். நீ அவருடைய சட்டைக் காலரைப் பிடித்தாய்.

"மாஃபி முஷ்கில்னு ஒரு கேஸா அண்ணாச்சி? எந்த காலேஜ்ல சொல்லிக்கொடுத்தாங்க? பேரைச் சொல்லுங்க. பேரு தெரிஞ்சாத்தான் டாக்டர் வைத்தியம் பாப்பாரு."

அந்தக் கோபத்துக்காகவே உன்னை எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு நீ நாடு திரும்பிப் பாதுகாப்புத் துறையில் சேர்ந்தாய். முதலில் ஆய்வகம், பின்னர் அதன் தலைமை, இறுதியில் தில்லியில் பெயர்ப்பலகை மாட்டிய அறை. ஆயுதக் கண்காட்சிக்காக அபுதாபி வந்தபோது, கோட்டும் அடையாள அட்டையுமாக ஹோட்டல் வரவேற்பறையில் என்னைக் கட்டிக்கொண்டாய். இருமல் உன்னைப் பேசவிடவில்லை.

"எதைடா மோந்து பாக்குற அங்க?"

"ஃபைலைத்தான் மச்சான். தூசி ஜாஸ்தி."

நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை.

பிறகு நான் உன்னைப் பார்க்க வந்த சென்னை மருத்துவமனையில் ஓர் இளம் பெண் மருத்துவர் உன் படுக்கையருகே குனிந்து மன்றாடினார்: "சார், எதை சுவாசிச்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க. நான் கண்ணைக் கட்டிக்கிட்டு மருந்து குடுத்துட்டிருக்கேன்."

என்னைப் பார்த்தாய், பிறகு அவரை. "சொல்ல அனுமதி இல்லம்மா."

அனுமதி தர வேண்டியவர்களிடம் உன் மனைவி நேரில் போய்க் கேட்டார். பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். பரிசீலனை முடிவதற்குள் நீ முடிந்துவிட்டாய். மலர்வளையத்தோடு வந்த உன் மேலதிகாரி, ஈடுசெய்ய முடியாத இழப்பு என்றார். எதனால் நேர்ந்த இழப்பு என்று கேட்டேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். அவரை நான் மன்னிக்கப்போவதில்லை. உன்னையும்தான். அடுத்தவர் காலரைப் பிடித்த கை, உன் உயிர் போகும்போது போர்வைக்குள்ளேயே கிடந்தது.

இதை இப்போது எழுதக் காரணம் என் மகன். ஷார்ஜாவில் வளர்ந்து, நம் பாடத்தையே படித்தவன்; உன் துறையில் நேர்காணலும் முடித்திருந்தான். போகாதே என்று சொல்வதற்கு நான் வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருக்கையில், சென்ற வாரம் அவனே அழைத்தான்.

"அப்பா, ஜாயின் பண்ணிட்டேன். அங்கிள் இருந்த லேப்தான்."

"என்ன வேலைப்பா?"

"அது... சொல்லக் கூடாதாம்ப்பா. டோன்ட் வொரி."

இப்போது தினமும் அழைக்கிறான். மெஸ் சாப்பாடு, வெயில், கிரிக்கெட் என்று நிறையப் பேசுகிறான். எதுவும் என் மனத்தில் நிற்பதில்லை. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவே அவன் மூச்சிழுக்கும் ஓசையை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.