இரவல் கொடுத்த ரைப்ரைற்றர்

2025 பெப்ரவரி 9, ஞாயிறு

புள்ளி இன்று எழுத்தின் தலைமேல் ஏறியது!

கொழும்புத்துறையில் உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசின் வீட்டுக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடந்த தமிழ் ரைப்ரைற்றர். கொண்டுவந்து ஒன்றரை வருடம். மண்ணெண்ணெயில் கழுவி, கறள் சுரண்டி, தாளோடு நகரும் கரேஜை இழுக்கும் நாடா அறுந்ததற்கு மீன்பிடிக்கிற தங்கூசி நூல் கட்டி எல்லாம் சரி. புள்ளி மட்டும் சண்டித்தனம். புள்ளியை அடித்தால் கரேஜ் நகரக் கூடாது. இது ஒவ்வொரு முறையும் தள்ளிப்போய்விடும், புள்ளி எழுத்துக்குப் பக்கத்தில் தனியாக விழும். இன்றுதான் காரணம் தெரிந்தது. உள்ளே நகம் அளவு ஒரு நெம்பு வளைந்திருந்தது.

சந்தோசத்தில் சத்தமாகக் கூப்பிட்டேன். இவர் பேப்பரில் இருந்து தலை தூக்கவில்லை. "எந்த நாளும் உந்தப் பழைய இரும்போடை" என்றார். ரிபன் எந்தப் பக்கம் சுற்றும் என்றுகூட நான் கட்டிய இந்த மனிதருக்குத் தெரியாது. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

பெப்ரவரி 13, வியாழன்

அயலூர்ப் பாடசாலையில் நூற்றாண்டுக் கண்காட்சி. பழைய பொருட்கள் வேண்டுமாம். இவர் சனசமூக நிலையத் தலைவர் அல்லவா, "எங்கடை வீட்டிலை ஒண்டு கிடக்கு" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்துதான் எனக்குச் சொல்கிறார். மூன்று நாள் இரவல் என்றால் சரி என்றேன்.

ஆஸ்பத்திரி மருந்தகத்தில் என் இடத்துக்கு ஆள் பிடித்து, அரை நாள் லீவு போட்டு, ஓட்டோவில் மடியில் வைத்து நானே கொண்டுபோனேன், இவரும் கூட வந்தார். அதிபர் கூட்டமொன்றுக்குப் போயிருந்தார். நின்ற ஆசிரியையிடம் படித்துப் படித்துச் சொன்னேன், ஒரே நேரத்தில் இரண்டு விசையை அடிக்க விடாதேங்கோ, எழுத்துத் தண்டுகள் பின்னிக்கொள்ளும் என்று. அவர் எனக்குத் தலையாட்டிவிட்டு இவரோடு கதைத்தார்.

பெப்ரவரி 16, ஞாயிறு

எழுதித்தான் ஆற வேண்டும்.

நிறைவு விழா. நான் நாலாவது வரிசையில் இருந்தேன். அறிவிப்பாளர் சொல்கிறார்: "இந்த அரிய தட்டச்சுப் பொறியைத் தேடியெடுத்து, தம் கைப்படத் திருத்திப் பேணிவரும் சமூக சேவையாளர் திரு. மு. தயாநிதி அவர்கள்..."

இவர் எழும்பிப் போகிறார்! ஒரு கணம் என்னைப் பார்ப்பார், அது என் மனைவியுடையது என்று சொல்வார் என்று நினைத்தேன். பார்க்கவே இல்லை. அதிபர் அற்புதராணி பொன்னாடை போர்த்த, நன்றாகக் குனிந்து வாங்கிக்கொண்டார். பிறகு மைக். மைக்கைப் பிடித்தால் இவருக்கு வீடுவாசல் மறந்துபோகும். கறள் சுரண்டிய கதை சொன்னார். தங்கூசி கட்டிய கதை சொன்னார். என்ரை தங்கூசி! சனம் கைதட்டியது. அந்தச் சத்தம் அடங்க முன்னமே, "இந்தப் பொறியை இன்றே இப்பாடசாலைக்கு அன்பளிப்பாக வழங்குவதில் பெருமையடைகிறேன்" என்றார்.

வழங்கினாராம். ஆற்றை சாமானை ஆர் வழங்கிறது? பக்கத்தில் இருந்த பெண் என் கையைப் பிடித்து, "குடுத்து வைச்சனீங்கள், அக்கா" என்றாள்.

பெப்ரவரி 17, திங்கள்

சமைத்தேன். பரிமாறவில்லை.

பெப்ரவரி 19, புதன்

மருந்தகத்தில் என்னோடு வேலை செய்யும் லூர்த்தம்மா ஃபோனை நீட்டினாள். "மிஸ், உங்கடை அவர் உப்பிடிக் கைவேலைக்காரன் எண்டு நீங்கள் சொல்லவேயில்லை!" படத்தில் இவர், பொன்னாடை, மெசின். மெசினுக்குக் கீழே புதிதாக ஒரு பெயர்ப்பலகை: அன்பளிப்பு, திரு. மு. தயாநிதி. அதற்குள் பலகை! எங்கள் ஒழுங்கையில் இருக்கும் குழிக்கு மண் போட இன்னும் ஆளில்லை.

பின்னேரம் கேட்டுவிட்டேன்.

"சனம் கைதட்டின உடனை வாயிலை வந்திட்டுது, அருந்ததி. இப்ப என்ன, எங்கடை சாமான்தானே?"

"எங்கடை எண்டால், நாளைக்கு நான் உங்கடை மோட்டச்சைக்கிளைக் கோயிலுக்குக் குடுக்கட்டே?"

"அதும் இதும் ஒண்டே?"

கொழும்பில் படிக்கும் மகள் கஜானிக்கு ஃபோன் எடுத்தேன். "விடுங்கோவன் அம்மா, வேறை ஒண்டு வாங்கலாம்" என்கிறாள். இவளைப் பெற்ற நேரம் நானும் வேறு ஒன்று வாங்கியிருக்கலாம்.

பெப்ரவரி 21, வெள்ளி

பள்ளியில் பிள்ளைகள் கண்ட விசையை எல்லாம் சேர்த்துக் குத்தி, தண்டுகள் பின்னிக்கொண்டனவாம். அதிபர் யாருக்கு ஃபோன் எடுத்தார்? தம் கைப்படத் திருத்துகிறவருக்கு!

காலையில் இவர் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். "நீரும் ஒருக்கா வாருமன்."

"நான் ஏன்? பொன்னாடை உங்களிட்டைத்தானே கிடக்கு."

குறடு, சுத்தியல் வைத்திருக்கும் என் ஆயுதப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனார். நான் வேலையால் வரும்போது சட்டை முழுக்க மையோடு இருந்தார்.

"என்ன செய்தனீங்கள்?"

"இறுகிப்போய்க் கிடந்தது. கொஞ்சம் எண்ணெய் விட்டனான்."

"என்ன எண்ணெய்?"

சட்டையில் இருந்த மையைத் தேய்க்கத் தொடங்கினார்.

"என்ன எண்ணெய் எண்டு கேக்கிறன்."

"தேங்காயெண்ணெய்."

தேங்காயெண்ணெய்! அது கிடந்து பசையாகிப் போகுமே. நான் விரல் நோகச் சுரண்டின இடமெல்லாம்... தங்கூசியும் அறுந்துவிட்டதாம். அழுதுவிட்டேன். இவருக்கு முன்னால் அழுததுதான் இன்னும் ஆத்திரம்.

பெப்ரவரி 24, திங்கள்

நானே அதிபரிடம் போனேன். என்னைவிட இளையவர். நான் சொல்லச் சொல்ல வாயில் கை வைத்தார்.

"ஐயோ அக்கா, உங்கடை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே."

"ஒருத்தரும் கேக்கேல்லையே, ரீச்சர்."

நல்ல பெண்தான். ஆனால் உடனே தூக்கித்தர முடியாதாம். "அவ்வளவு சனத்துக்கு முன்னாலை குடுத்தது. நான் சும்மா தந்தால், அதிபர் வித்துப்போட்டா எண்டு என்னைத்தான் கதைப்பினம். ஐயா குடுத்த இடத்திலையே வந்து சொல்லட்டும்." அதில் நியாயம் இருக்கிறது.

வீட்டில் இதைச் சொன்னதும் இவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "சபையிலை நிண்டு நான் கள்ளன் எண்டு சொல்லவோ?"

"கள்ளன் எண்டு சொல்ல வேண்டாம். ஆற்றை எண்டு சொல்லுங்கோ."

"என்ரை மானம் என்னாகிறது?"

எனக்கும் அப்படி ஒன்று இருக்கிறது என்பது இந்த வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

இவர் இன்று தானாகவே வேட்டிக்கு அயர்ன் போட்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் 3, திங்கள்

பள்ளியில் காலைப் பிரார்த்தனை. அதே மண்டபம், அதே மைக். பிள்ளைகள், ஆசிரியர்கள், பெற்றோர் சிலர். நான் கதவடியில் நின்றேன். இவர் மைக்கைப் பிடித்தபடி நின்றார், நின்றார். கலியாணம் முடித்து இத்தனை வருடத்தில் மைக்குக்கு முன்னால் இவர் வாயடைத்து நின்றதை இன்றுதான் பார்த்தேன்.

"அந்த மெசின் என்ரை இல்லை. என்ரை மனுசி அருந்ததியின்ரை. தேடி எடுத்ததும் திருத்தினதும் அவதான். நான் அவவைக் கேக்காமல் குடுத்திட்டன். அது பிழை."

அவ்வளவுதான். நன்றி வணக்கம்கூடச் சொல்லாமல் இறங்கினார். ஒருவரும் கைதட்டவில்லை.

பையில் கொண்டுவந்த பொன்னாடையை அதிபரிடம் நீட்டினார். அவர் அதை விரித்து எனக்குப் போர்த்த வந்தார்.

"வேண்டாம் ரீச்சர். மெசினைச் சுத்தத் தாங்கோ" என்றேன்.

சுற்றித்தான் கொண்டுவந்தேன். ஓட்டோவில் இவர்தான் மடியில் வைத்திருந்தார், குழி வந்தபோதெல்லாம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பாவமாக இருந்தது, அது உண்மை. கோபம் போகவில்லை, அதுவும் உண்மை.

மார்ச் 7, வெள்ளி

கொடுத்ததைத் திருப்பி வாங்கியவள் என்று ஊர் கதைக்கிறது. கொடுத்தவள் நானா என்று ஒருவரும் கேட்கவில்லை. லூர்த்தம்மாகூட, "பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குத்தானே மிஸ், பெரிய மனசு பண்ணி விட்டிருக்கலாம்" என்கிறாள். பெரிய மனசு எனக்கும் உண்டு. அதை நான்தான் பண்ண வேண்டும். எனக்காக இன்னொருவர் மைக்கில் பண்ண முடியாது.

பசை இன்னும் முழுதாகப் போகவில்லை. தண்டு தண்டாகக் கழற்றிக் கழுவுகிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

பண்டத்தரிப்பிலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஒரு பழைய ரைப்ரைற்றரைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். நான் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தேன். மறைப்புக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது.

"தயாநிதி ஐயா நீங்கள்தானே? பேஸ்புக்கிலை படம் பாத்தனான். இதை ஒருக்காத் திருத்தித் தரவேணும்."

நான் வாளியைக் கீழே வைத்தேன். வந்தவருக்கு நடந்த கதை எதுவும் தெரியாது. ஓம் என்று சொன்னால் முடிந்தது.

"நானில்லை, தம்பி" என்றார் இவர். "திருத்திறவ குளிக்கிறா. இரும், தேத்தண்ணி போடுறன்... பொறும் பொறும், சும்மா மேசையிலை வைக்காதையும், துணி விரிக்கிறன். எண்ணெய் கிண்ணெய் விட்டனீரோ?"

"கொஞ்சம் விட்டனான் ஐயா."

"என்ன எண்ணெய்?"

நான் இன்னொரு வாளி அள்ளி, ஆறுதலாக ஊற்றிக்கொண்டேன்.