எல்லாரும் நலம்

வியாழன் இரவு.

புது ரத்த அழுத்த மாத்திரை ஆய்வில் தரவைச் சரிபார்ப்பது என் வேலை. அந்தியூரிலிருந்து வந்த பதிவுகளில் ஒருவருக்குக்கூடப் பக்கவிளைவு இல்லை. நம்பாமல் இன்று நேரில் போனேன். மாத்திரை சாப்பிடும் ஓர் அம்மாவிடம் கேட்டேன்.

"தல கிர்ருனு சுத்துதுங்க அம்மணி. நேத்துக்கூட உளுந்துபோட்டேன்."

"டாக்டர்கிட்ட சொல்லலீங்களா?"

"அத்தன தன்மையா விசாரிக்கறாரு, அவரு மனசு நோகச் சொல்றதுங்களா? நல்லா இருக்குதுன்னு சொல்லிப்போட்டேனுங்க."

பக்கத்தில் இருந்த மற்ற நோயாளிகளும், தாங்களும் அப்படித்தான் சொன்னதாகச் சிரித்துத் தலையாட்டினார்கள்.

மருத்துவரிடம் சொன்னேன். மாத்திரையை நிறுத்தச் சொல்லி எல்லாரையும் போனில் பிடித்தோம், ஒரு லாரி ஓட்டுநரைத் தவிர. "லோடு ஏத்திக்கிட்டு பர்கூர் மலைக்குப் போயிருக்காருங்க" என்றார் மனைவி.

பதிவில் அவரும் நலம். வீடு வந்த பிறகும் அழைத்துக்கொண்டே இருக்கிறேன். மணி அடிக்கிறது. எடுக்கவில்லை.