வெறுந்துணியில் ஏறிய காரம்

இன்று காலை நம் தடயவியல் லேபுக்கு வந்த ஒரு காக்கி உறையைப் பிரித்தேன். உள்ளே யாரோ ஒருவரின் சட்டை. காலரைத் தூக்கியதுமே தொண்டை கமறி, கண்ணில் தண்ணீர் கொட்ட, ஐந்து நிமிடம் இருமினேன். "மூஞ்ச மூடிக்கினு பிரினு எத்தினி தபா சொல்றது" என்று திட்டப் பக்கத்தில் ஆளில்லை. நீ போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. உன் மேஜையில் இப்போது பிரிண்டர் உட்கார்ந்திருக்கிறது.

அந்த எண்ணூர்ப் பெண்ணின் வழக்குதான் நினைவுக்கு வந்தது. ஷிப்ட் முடிந்து வந்தவளை டோல்கேட் அருகே ஒருவன் கையைப் பிடித்து இழுக்க, பையிலிருந்த பெப்பர் ஸ்பிரேயை அடித்துவிட்டு ஓடினாள். அவனோ அந்தப் பக்கமே வரவில்லை என்றான். சட்டையில் காரம் இருக்கிறதே என்றால், மிளகாய் அரைக்கும் மில்லில் வேலை, இருக்கத்தானே செய்யும் என்றான். அவளுக்கு அந்தச் சட்டையை விட்டால் வேறு சாட்சி இல்லை. மில் மிளகாயா, ஸ்பிரேயா என்று நம் லேப்தான் சொல்ல வேண்டும்.

சில ஸ்பிரேக்களில் ரசாயனத்தில் செய்த செயற்கைக் காரம் ஒன்றைச் சேர்ப்பார்கள், மிளகாய்த்தூளில் அது அந்த அளவுக்கு இருக்காது, அதைத் தேடு என்றாய். அவள் டப்பாவில் அது இருந்தது. சட்டையிலும் இருந்தது. சின்னப் பிள்ளைகள் போல் கை தட்டிக்கொண்டோம். பிறகு வெறுந்துணியின் முடிவு வந்தது. நம் பக்கம் கலப்படம் இல்லை என்று காட்ட, எதுவும் படாத புதுத்துணித் துண்டு ஒன்றையும் கூடவே சோதிப்போமே, அதில் மிளகாய்க் காரம் ஏறியிருந்தது.

அது நீ காலடிப்பேட்டை வீட்டில் வைத்த நெத்திலிக் குழம்பு. மதியம் உன் டப்பாவை வழித்துத் தின்றவள் நான். சோப்பு போட்டுக் கழுவினேன், கையுறையும் மாட்டினேன். மாட்டும்போது அதன் விரல் நுனிகளைப் பிடித்து இழுத்தது அதே கைதான். துணியை வெட்டியதும் நான்தான்.

தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி செய்வோம், யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். மறுபடி செய்வோம், ஆனால் இதையும் எழுதுவோம் என்றாய். வக்கீல் கிழித்துவிடுவார், அந்தப் பெண்ணின் கதி என்ன என்று கத்தினேன். உண்மையில் நான் பயந்தது என் பிரமோஷனுக்கு. அது உனக்கும் தெரியும்.

"ஒண்ண மறைச்சது வெளிய வந்துச்சுனா மத்த எல்லாத்தையும் பொய்னுருவாங்கோ. அப்பால அந்தப் பொண்ண யாரு நம்புவா?"

இரண்டாம் முறை வெறுந்துணி சுத்தமாக வந்தது, சட்டை முன்போலவே. நீ இரண்டு முடிவையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாய். நான் பேச்சை நிறுத்திவிட்டு மாடியில் தனியாகச் சாப்பிட்டேன். ஒன்பது நாள். நீ தினமும் இரண்டு பேருக்குக் கொண்டுவந்து பாதியைத் திருப்பி எடுத்துப் போனாய் என்று பெருக்க வரும் அக்கா பின்னால் சொன்னார். பத்தாம் நாள் நீயே படியேறி வந்து டப்பாவை நீட்டினாய். நான் மன்னிப்புக் கேட்கவில்லை, சாப்பிட்டேன்.

கோர்ட்டில் அவன் வக்கீல் அந்த முதல் வெறுந்துணி முடிவைத்தான் பிடித்துக்கொண்டார். யார் செய்த தவறு என்று மூன்று தரம் கேட்டார். பின்வரிசையில் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ரிப்போர்ட்ல கையெழுத்து என்னோடது சார். பொறுப்பும் என்னோடதுதான்."

அப்புறம் நிதானமாக, குழம்பில் இல்லாத ஒன்று சட்டையில் இருப்பதை விளக்கினாய்.

தீர்ப்பு வந்தபோது நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். அவனுக்குத் தண்டனை என்றேன். கண்ணைத் திறக்காமல் என் கையை அழுத்தினாய். அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நர்ஸ் வந்து என்னை வெளியே அனுப்பிவிட்டாள்.

இப்போதெல்லாம் என் கைப்பிழை எதுவானாலும் நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். பழகிவிட்டது. உன்னை ஒன்பது நாள் தனியாகச் சாப்பிட விட்டேனே, அதை எங்கே எழுதுவது என்றுதான் தெரியவில்லை.