எங்கள் துறைமுகம், நமது துறைமுகம்

இன்று காலை திருகோணமலை இறங்குதுறைப் பக்கம் போனேன். மூதூருக்கு ஆளேற்றும் போட் புகை கக்கிக்கொண்டு புறப்பட, அந்த டீசல் மணத்தோடு நீயும் வந்துவிட்டாய். உன் ஊரான மூதூருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் உன் கைப்பையில்கூட அந்த மணம் இருக்கும். நீ இறந்து இது இரண்டாவது வருடம். அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது.

கொழும்பில் வெளியுறவு ஆய்வு நிறுவனமொன்றில் நாம் இருவரும் ஒரே அறையிலிருந்து எழுதினோம். வல்லரசுகளின் கப்பல்கள், உடன்படிக்கைகள், எண்ணெய்த் தாங்கிகள், எல்லாம் ஆங்கிலத்தில். திருகோணமலை என்றாலே 'கேந்திர முக்கியத்துவம் வாய்ந்த' என்று என் கை தானாக எழுதிவிடும். வீட்டு விலாசத்துக்கும் அதைப் போட்டுத்தான் எழுதுகிறாயா என்று கேட்பாய்.

ஒரு கட்டத்தில் எனக்கு அலுத்துவிட்டது. நான் எழுதுவதைத் தூதரகங்களில் வாசிக்கிறார்கள். திருகோணமலைப் பாலையூற்றில் இருக்கும் என் அம்மாவுக்கோ நான் என்ன வேலை செய்கிறேன் என்றே தெரியாது. வேலையை விடப்போகிறேன் என்றேன். நீ ஆறுதலொன்றும் சொல்லவில்லை. ஒரு கட்டுரையாவது தமிழில் எழுதிவிட்டுப் போ என்றாய்.

'எங்கள் துறைமுகம்' என்று தொடங்கி எழுதினேன். இதே இறங்குதுறையில் போட்டுக்குக் காத்திருந்தபடி வாசித்த நீ, முதல் வரியிலேயே நின்றுவிட்டாய்.

"எங்கள் எண்டால் நான் எங்க நிக்கிறன் புள்ள?"

ஆங்கிலத்தில் 'எங்கள்', 'நமது' இரண்டுக்கும் ஒரே சொல்தானே என்று சமாளித்துப் பார்த்தேன். நீ விடவில்லை.

"இது தமிழ். எங்கட எண்டால் வாசிக்கிற ஆள் வெளியில. நம்மட எண்டால் அவரும் உள்ளுக்க. பெத்த வாப்பாவ எங்கட வாப்பா எண்டு சொல்லலாம். துறைமுகத்த அப்பிடிச் சொல்ல ஏலாது."

எனக்குச் சுரீரென்றது. ஆனாலும் 'நமது' என்று மாற்றினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கட்டுரையைக் கடைசிவரை வாசித்தார். அதன்பிறகு வேலையை விடுகிற கதையை நான் எடுக்கவேயில்லை.

போன கிழமை இங்கே நகரில் துறைமுகத்தைப் பற்றி ஒரு கலந்துரையாடல். முன்வரிசையில் தூதரகத்தார், பின்னால் சல்லி, கிண்ணியா, மூதூர் என்று சுற்றூர்களின் சனம். என் உரையில் 'நாட்டின் துறைமுகம்' என்று அலுவலகத்தில் திருத்தி அனுப்பியிருந்தார்கள். நான் 'நமது' என்றே வாசித்தேன். முடிந்ததும் மூதூரிலிருந்து வந்த அம்மா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நம்மட துறைமுகம் எண்டு சொன்னீங்கதானே மகள். அப்ப போட்டுக்கு வெயில்ல நிண்டு காயிற சனத்துக்கு இறங்குதுறைக் கூரைய இன்னும் கொஞ்சம் நீட்டச் சொல்லியும் எழுதுங்க."

அதைப் பார்க்கத்தான் இன்று காலை இங்கே வந்தேன். வெயிலில் நின்று பார்த்தேன். அவர் சொன்னது சரி. வெளியுறவுக் கொள்கைக்கும் கூரைக்கும் என்ன சம்பந்தம் என்று கொழும்பில் கேட்பார்கள். கேட்கட்டும், கப்பலைப் பற்றி எழுதுகிறவள் கரையில் நிற்கிறவர்களையும் எழுதத்தான் வேண்டும்.

உன்னை மனம் நிறையத் தேடுகிறது. ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். அந்தக் கூரையைப் பற்றிய கட்டுரையைத் தொடங்கிவிட்டேன். முதற்சொல், நமது.